மூன்று மில்லிமீட்டர் விவகாரம்

பங்குனி உத்ஸவத்தில் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் தேர் வீதிக்கு வரும்போது, ஜனங்களின் கண்களெல்லாம் தேரின் உச்சியிலும் வடம் பிடிப்போரின் வரிசையிலுமே நிலைத்து நிற்கும். சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையில் முட்டுக்கட்டையுடன் குனிந்த வண்ணம் நடந்து வரும் சில மனிதர்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் தேரைத் திருப்புகிறவர்களும் நிறுத்துகிறவர்களும் அவர்கள்தாம். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரு கணம் அயர்ந்துவிட்டால் தேர் எங்கே போய் நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

தேர் கட்டிய நம் முன்னோர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. அவர்களுடைய ‘பிரேக்’ சக்கரத்துக்கு வெளியே இருந்தது. சக்கரத்தை எந்த அளவில் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதற்குத் தக்கபடி கட்டையைச் செதுக்கிக்கொண்டால் போயிற்று. மாட்டு வண்டியிலும் அப்படியே. நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. இவற்றின் நடுவே வேறெதுவும் குடியிருக்கவில்லை. மோட்டார் வண்டி வந்த பிறகுதான் நிறுத்தும் கருவி சக்கரத்தின் வயிற்றுக்குள்ளேயே புகுந்துகொண்டது. அன்று முதல் சக்கரமும் பிரேக்கும் ஒரே வீட்டில் வசிக்கும் இரண்டு குடித்தனக்காரர்களைப் போல ஆகிவிட்டன. இருவருக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்து மட்டும் உண்டு. சில வண்டிகளில் அந்தச் சந்தின் அகலம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இராது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும்.

இந்தச் சந்தைப் பற்றித்தான் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம்.

திருவான்மியூரை இதற்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மாமல்லபுரத்தை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை அங்கேதான் புறப்படுகிறது. டி.என். 07 என்ற எண்ணை வழங்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் அவ்வூரில்தான் இருக்கிறது. ஆகவே புதிதாகப் பதிவான வண்டிகளையும், அவற்றில் ஏறி முதன்முதலாகக் கடற்கரைச் சாலையில் சவாரி போகும் குடும்பங்களையும் அங்கே ஏராளமாகக் காணலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று வரிசையாக ஊர்களைத் தாண்டி முட்டுக்காட்டுப் பக்கம் விரையும் கார்களில் பலவற்றின் சக்கரங்கள் வெள்ளித் தாம்பாளம்போல் ஜொலிக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி தொழிற்சாலையிலிருந்து காருடன் வந்தவை அல்ல. வாங்கிய பிறகு மாற்றியவை. அலுமினியக் கலப்புலோகத்தில் வார்த்த இவற்றை ‘அலாய் வீல்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வண்டி வந்து ஆறு மாதம் ஆவதற்குள், கல்லூரிக்குப் போகும் பிள்ளை அப்பாவை நச்சரிக்கத் தொடங்கிவிடுகிறான். எதிர்வீட்டுக் காரின் சக்கரத்தில் பத்து ஆரக்கால்கள் பளபளவென்று மின்னும்போது, நம் வண்டியில் மட்டும் கறுப்பு இரும்புச் சக்கரத்தின்மேல் பிளாஸ்டிக் மூடி எதற்கு என்பது அவனுடைய கேள்வி. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு சாயங்காலம் நடந்தால் கடைக்குக் கடை சக்கரங்களை மாலைபோல் தொங்கவிட்டிருக்கிறார்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் புதுப்பேட்டையில் பழைய சக்கரங்கள் கிடைக்கின்றன. அழகை விரும்புவது குற்றமென்று நாம் சொல்லப் போவதில்லை. அலுமினியச் சக்கரம் நல்லபடி வார்த்ததாக இருந்தால் அழகுடன் கூடக் கொஞ்சம் எடைக் குறைவும் கிடைக்கலாம். ஆனால் கடைக்காரரிடம் விலை பேசுகிறோம், வண்ணம் பார்க்கிறோம், எதிர்வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று யோசிக்கிறோம். உள்ளே குடியிருக்கும் மற்றவரை மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கடைக்காரர் சாதாரணமாக நான்கு அளவுகளைச் சொல்வார். முதலாவது சக்கரத்தின் குறுக்களவும் அகலமும். இரண்டாவது, மரைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் குறுக்களவு. பட்டறைகளில் இதைப் ‘பி.சி.டி.’ என்பார்கள். பழைய மாருதி 800 வண்டிக்கு இது நான்கு துவாரங்களுடன் 114.3 மில்லிமீட்டர், ஸ்விப்ட் வண்டிக்கு 100, மறைமலைநகரில் 1999 முதல் செய்யப்பட்ட போர்டு ஐகானுக்கு 108, பியட் வண்டிகள் பலவற்றுக்கு 98. இந்தக் கடைசிக் கணக்கில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 98-க்கும் 100-க்கும் வித்தியாசம் அற்பமானபடியால், பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் சக்கரம் உட்கார்ந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் ஒரு மரையாவது தன் இருக்கையில் சாய்ந்துதான் நிற்கும். மூன்றாவது அளவு நடுத் துவாரம். வண்டியின் குடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டின்மேல் அது பிசகாமல் பொருந்த வேண்டும். ஸ்விப்டுக்கு 54.1 மில்லிமீட்டர் வேண்டுமென்றால், கடைச் சக்கரங்களில் பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் பொதுவாக 67.1 அல்லது 73.1 என்று அகலமாகக் கடைந்திருப்பார்கள். மிச்சமுள்ள இடத்தை ஒரு வளையத்தால் நிரப்ப வேண்டும். வளையம் போடாவிட்டால் வண்டி நடுங்கும். நான்காவது ‘ஆப்செட்’. சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டிலிருந்து, குடத்தின்மேல் ஒட்டி உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அது. ‘ஈ.டி. 45’ என்று பொறித்திருந்தால் 45 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். கூடக் கூட உள்ளே ஒதுங்கும்.

இந்த நான்கும் சரியாக இருந்துவிட்டால் சக்கரம் பொருந்திவிட்டது என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நினைக்கிறார்கள். அது சரியன்று. இந்த நான்கு எண்களில் ஒன்றாவது பிரேக்குக்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்வதே இல்லை. ஒரே குறுக்களவு, ஒரே அகலம், ஒரே பி.சி.டி., ஒரே ஆப்செட் உடைய இரண்டு சக்கரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆரக்கால் குடத்திலிருந்து வெளிப்புறமாக வளைந்து போகிறது. மற்றொன்றில் தட்டையாகவோ உட்புறம் குழிந்தோ போகிறது. முதலாவது பிரேக்கைத் தாராளமாகத் தாண்டும். இரண்டாவது அதன்மேல் இடிக்கும். எண்களோ இரண்டுக்கும் ஒன்றே! ஆரக்காலின் வளைவு எந்த எண்ணிலும் அடங்குவதில்லை. கண்ணால் பார்த்தும் கையால் அளந்தும்தான் அதை அறிய வேண்டும்.

இரும்புத் தகட்டுச் சக்கரத்திலிருந்து அலுமினியச் சக்கரத்துக்கு மாறுகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். இரும்புத் தகடு மெல்லியது. அதே பலத்தை அலுமினிய வார்ப்பில் பெறுவதற்கு ஆரக்காலைத் தடிமனாக்க வேண்டியிருக்கிறது. ஆகவே 14 அங்குல இரும்புச் சக்கரம் சுகமாகச் சுழன்ற இடத்தில் 14 அங்குல அலாய் வீல் சுழலும் என்று நிச்சயம் கிடையாது. 14 அங்குலம் என்பதே 355.6 மில்லிமீட்டர். அது டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு. அதிலிருந்து டயரை மாட்டுவதற்காக வைத்திருக்கும் பள்ளத்தைக் கழிக்க வேண்டும். உலோகத்தின் கனத்தையும் கழிக்க வேண்டும். இப்படிக் கழித்துக்கொண்டே போனால், பெரிதாகத் தோன்றிய சக்கரத்தின் உள்ளே இருக்கும் இடம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தத் தகராறு இன்று நேற்று ஏற்பட்டதன்று. தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் ‘டிஸ்க் பிரேக்’ முறைக்கு 1902-ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்ற அறிஞர் உரிமை பெற்றுவிட்டார். என்றாலும் நெடுங்காலம் உலகத்தில் ஆட்சி செய்தது டிரம் பிரேக்தான். நம் நாட்டு அம்பாஸடர் வண்டி நான்கு சக்கரங்களிலும் டிரம்முடனேயே பல்லாண்டு ஓடியது. பிரான்ஸில் புகாட்டி என்பவர் 1924-ல் ஒரு பந்தய வண்டி செய்தார். அதில் எட்டு ஆரக்கால்களுடைய அலுமினியச் சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் ஒரே துண்டாகச் சேர்த்துவிட்டார். குடித்தனக்காரர்கள் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்துச் சண்டையைத் தீர்த்துவிட்டார் என்று சொல்லலாம்! ஆனால் இந்தச் சம்பந்தம் ஊரெல்லாம் பரவவில்லை. இங்கிலாந்தில் 1959-ல் வந்த மினி வண்டிக்குப் பத்தே அங்குலச் சக்கரம். 1961-ல் அதன் கூப்பர் ரகத்துக்கு டிஸ்க் பிரேக் வைக்க நினைத்தபோது, அந்தச் சின்னச் சக்கரத்துக்குள் ஏழு அங்குலத் தட்டை மட்டுமே நுழைக்க முடிந்தது. மோட்டார்ப் பந்தயங்களில் உச்ச ஸ்தானத்திலுள்ள பார்முலா ஒன்று பந்தயத்திலேயே, 2021 வரையில் 13 அங்குலச் சக்கரம்தான். 2022-ல் அதை 18 அங்குலமாக்கிய பிறகு பிரேக் தட்டும் பெரிதாயிற்று. சக்கரத்தின் அளவுதான் பிரேக்கின் அளவை விதிக்கிறது என்பதற்கு இவையெல்லாம் சாட்சி.

இவ்வளவு தூரம் போவானேன்? திருவான்மியூரிலிருந்து நகரத்தின் மறுகோடிக்குப் போனால், பாடியில் இதற்கு நேரான உதாரணம் இருக்கிறது. 1960-ல் தொடங்கப்பெற்ற வீல்ஸ் இந்தியா நிறுவனம் பாடியில் சக்கரம் செய்கிறது. 1962-ல் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் கூட்டாகத் தொடங்கப்பெற்ற பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும் அதே பாடியில்தான் இருக்கிறது. இரண்டுமே தமிழ்நாட்டின் டி.வி.எஸ். குடும்பத்தாரின் முயற்சியால் முளைத்தவை. சக்கரம் வேறு, பிரேக் வேறு; இரண்டுக்கும் தனித்தனி சாஸ்திரம், தனித்தனி தொழிற்சாலை. ஒரு கார்க் கம்பெனி புதிய வண்டியை வகுக்கும்போது, சக்கரம் செய்கிறவரின் வரைபடமும் பிரேக் செய்கிறவரின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கப்படுகின்றன. நடுவிலுள்ள சந்துக்கு ஒரு அளவு நிச்சயிக்கப்படுகிறது. இருவரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள்.

நாம் கடையில் வேறு சக்கரம் வாங்கி மாட்டிய அந்த நிமிஷமே மேற்படி ஒப்பந்தம் செல்லாததாகிவிடுகிறது. கார்க் கம்பெனி அந்தச் சக்கரத்தைக் கண்டதில்லை. சக்கரம் வார்த்தவர் அந்தப் பிரேக்கை நினைத்து வார்த்ததில்லை. கடைக்காரரோ இருவரையும் அறியார். அப்படியானால் அந்தச் சந்துக்குப் பொறுப்பாளி யார்? வண்டிக்குச் சொந்தக்காரர்தான். இன்ஜினீயருக்குப் படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்த வேலை அவர் தலையில் வந்து விழுகிறது.

*

திருவான்மியூரில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர் தம் சிறிய காருக்கு இவ்வாறு நான்கு சக்கரங்கள் வாங்கினார். கடையில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார்கள். எங்கும் இடிக்கவில்லை. குடும்பத்துடன் நான்கு மாதம் சந்தோஷமாகச் சென்றுவந்தார். பிறகு ஒரு நாள் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன என்று புதிதாக மாற்றினார்கள். மாற்றிய மறுநாள் காலையில் அம்மணியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரப் புறப்பட்டபோது முன்சக்கரத்தில் ‘கர்ர்... கர்ர்...’ என்று ஒரு சப்தம். பழைய மேஸ்திரி ஒருவரின் பட்டறைக்கு வண்டியை மெதுவாகக் கொண்டுபோனார்.

“புதுக் கட்டை மட்டமான சரக்கா மேஸ்திரி?” என்று கேட்டார் நண்பர்.

மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். “சக்கரத்திலே குற்றமில்லை, ஸார். கட்டையிலேயும் குற்றமில்லை. ரெண்டுக்கும் நடுவிலே இடமில்லை, அவ்வளவுதான்” என்றார்.

“நாலு மாசமாக இடம் இருந்ததே!”

“நாலு மாசமாகக் கட்டை தேய்ஞ்சு போயிருந்தது, ஸார்.”

மேஸ்திரி சொன்னதில் உள்ள தத்துவத்தைச் சற்று விளக்குவது அவசியம். ஏனெனில் கடைகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நம் நாட்டுச் சிறு கார்களில் பெரும்பாலும் காணப்படுவது ‘மிதக்கும் காலிப்பர்’ என்ற ரகம். பிரேக் தட்டை இரண்டு பக்கமும் கவ்வும் இரும்புக் கிடுக்கியே காலிப்பர். அதைத் தள்ளும் உந்து தண்டு உட்புறத்தில் மட்டும் இருக்கிறது. வெளிப்புறத்தில், அதாவது சக்கரத்தின் ஆரக்காலுக்கு எதிரே, கிடுக்கியின் விரல்கள் வெளிக் கட்டையின்மேல் படிந்திருக்கின்றன. கட்டை தேயத் தேயக் கிடுக்கி முழுவதும் உட்புறமாக நகர்ந்துகொண்டே போகிறது. ஆகையால் கட்டை தேய்ந்திருக்கும் சமயத்தில் ஆரக்காலுக்கும் கிடுக்கிக்கும் நடுவே இடம் அதிகம். புதுக் கட்டை போட்டவுடன் கிடுக்கியின் விரல்கள் மறுபடி வெளியே வந்துவிடுகின்றன. புதுக் கட்டையில் தேயும் பகுதியின் கனம் சுமார் 10 மில்லிமீட்டர் என்றும், மாற்ற வேண்டிய நிலையில் சுமார் 2 என்றும் வைத்துக்கொண்டால், விரல்கள் 8 மில்லிமீட்டர் வெளியே வருகின்றன. மூன்று மில்லிமீட்டரைப் பற்றி விவகாரம் செய்துகொண்டிருக்கிறோம். எட்டு மில்லிமீட்டர் எங்கே போவது? தேய்ந்த கட்டையை வைத்துக்கொண்டு சக்கரம் பொருந்துகிறதா என்று பார்ப்பது, ஊரெல்லாம் திருவிழாவுக்குப் போயிருக்கும் சமயத்தில் வீடு பார்த்து, ‘இந்தத் தெரு வெகு அமைதி’ என்று முன்பணம் கொடுப்பதற்கு ஒப்பாகும். இரண்டு பக்கமும் உந்து தண்டுகளுடைய, அசையாத காலிப்பர் பூட்டிய வண்டிகளில் இந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் அவை நம் வீதிகளில் அபூர்வம்.

இடித்தால் சப்தம் வரும், சப்தம் வந்தால் கழற்றிவிடலாம் என்று நேயர்கள் நினைக்கக் கூடும். சப்தத்துடன் வரும் ஆபத்து அவ்வளவு மோசமில்லை. அது வாயைத் திறந்து தன்னைச் சொல்லிவிடுகிறது. மோசமானது வேறொன்று. ஆரக்காலின் உட்புறம் காலிப்பரின்மேல் மயிரிழை அளவு முட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரைகளை முறுக்கும்போது அவை இறுகிவிட்டதுபோலக் கைக்குத் தெரியும். ஆனால் சக்கரம் குடத்தின் முகத்தோடு முழுவதும் படியவில்லை. சாலையில் ஓட ஓட, முட்டிய இடம் சற்றுத் தேய்கிறது, இறுக்கம் கலைகிறது, மரைகள் நெகிழத் தொடங்குகின்றன. ஸ்டியரிங்கில் இலேசான நடுக்கம் தென்படும்போது ஓட்டுகிறவர் சாலையின்மேல் பழி போடுகிறார். மரைகள் கழன்றால் சக்கரமும் கழன்றுவிடும். பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போகிறவர் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

வெப்பத்தினால் சக்கரம் விரிந்து இடித்துவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். சக்கரம் அறுபது டிகிரி சூடேறினாலும் அலுமினியம் விரிவது கால் மில்லிமீட்டருக்கு மேற்படாது. ஆகவே வெப்பத்தின்மேல் வீண் பழி வேண்டாம். சக்கரத்தின் ஆட்டத்தைச் சமன்படுத்துவதற்காக உட்புறம் ஒட்டும் ஈயத் துண்டுகளும் இரும்புத் துண்டுகளும் அதைவிடப் பொல்லாதவை. அவற்றின் கனமே மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். அவற்றை ஒட்டுகிறவர் யந்திரம் காட்டிய இடத்தில் ஒட்டிவிடுகிறார்; காலிப்பர் எங்கே வரும் என்று அவருக்கு என்ன தெரியும்? முதல் சுற்றிலேயே துண்டு பறந்துபோகும். அல்லது காலிப்பரைக் கீறும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் வீதிகளில் உண்டாகும் பள்ளங்களைப் பற்றிச் சென்னைவாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பள்ளத்தில் விழுந்து வட்டை சற்று நெளிந்தால், அந்த நெளிவு சந்தின் அகலத்திலிருந்துதான் கழிகிறது. சரளைக் கல் ஒன்று உள்ளே சிக்கினால், சக்கரத்தின் உட்சுவரை வளையம் வளையமாகச் செதுக்கிவிடும்.

ஆகையினால்தான் அனுபவசாலிகள் சுற்றிலும் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் வேண்டுமென்கிறார்கள். இது புதுக் கட்டை போட்ட நிலையில், ஈயத் துண்டு ஒட்டிய பிறகு இருக்க வேண்டிய அளவு. நம்முடைய வீதிகளை உத்தேசித்து, நான்கு ஐந்து இருந்தால் இன்னும் நிம்மதி என்பது நம் அபிப்பிராயம்.

இதை அளப்பதற்குப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரத்தைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை நீட்டலாகாது. பழைய கல்யாணப் பத்திரிகை போன்ற கெட்டி அட்டை ஒன்றை எடுத்து, குடத்தின் முகத்தில் ஒரு விளிம்பை நிறுத்தி, காலிப்பரின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பக் கத்தரித்துக்கொண்டே வாருங்கள். காலிப்பரின் உருவம் அட்டையில் பதிந்துவிடும். கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவையும் சேர்த்து வெளியே வரைந்து கத்தரித்துக்கொள்ள வேண்டும், இதுதான் முக்கியம். பிறகு அந்த அட்டையைக் கடைக்கு எடுத்துப் போங்கள். சக்கரத்தைக் கவிழ்த்து வைத்து, குடத்தில் படியும் முகத்தின்மேல் அட்டையை நிறுத்தி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எல்லா ஆரக்கால்களையும் உட்சுவரையும் அட்டை தொடாமல் தாண்டினால், விலை பேசத் தொடங்கலாம். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். இவ்வேலைக்கு ஐந்து நிமிஷம்தான் பிடிக்கும்.

சக்கரத்தை வண்டியில் மாட்டிப் பார்க்கும்போது இன்னொரு சோதனை. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கிக் காலிப்பரின் முனைகளில் அப்புங்கள். களிமண் அகப்படாவிட்டால் சமையலறையிலிருந்து சப்பாத்தி மாவை வாங்கிக்கொள்ளலாம். வீட்டு அம்மாள் காரணத்தைக் கேட்டால் சொல்லிவிடுவது நல்லது. எல்லா மரைகளையும் முறுக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால், மாவு எவ்வளவு கனத்துக்கு நசுங்கியிருக்கிறதோ அதுவே உங்கள் சந்தின் அகலம். ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். முன்சக்கரத்தில் சரியாயிருந்தால் பின்சக்கரத்தைப் பற்றி அநேகமாகக் கவலை இராது.

இடம் போதவில்லை என்று தெரிந்தால் கடைகளில் இரண்டு யோசனைகள் சொல்வார்கள். குடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ‘ஸ்பேஸர்’ என்ற தகட்டை வைக்கலாம் என்பது ஒன்று. ஐந்து மில்லிமீட்டர்த் தகடு வைத்தால் சந்து ஐந்து மில்லிமீட்டர் அகலமாவது வாஸ்தவம். ஆனால் மரை ஏறும் திருகாணியில் ஐந்து மில்லிமீட்டர் குறைகிறது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள திருகாணியில் குறைந்தது அதே அளவு நீளத்துக்காவது மரை ஏற வேண்டும். சாதாரணமாக ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறுமாதலால் எட்டு முழுச் சுற்று. விரலால் சுற்றி எண்ணிப் பாருங்கள். எட்டுக்குக் குறைந்தால் அந்தத் தகடு வேண்டாம். அல்லது நீளமான திருகாணி போட வேண்டும். மேலும் சக்கரத்தைத் தாங்கும் குடத்து உதட்டையும் தகடு விழுங்கிவிடுகிறது. உதடு இல்லாத தட்டையான தகடுகளை நாம் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டோம்.

இரண்டாவது யோசனை காலிப்பரையோ ஆரக்காலையோ சற்று ராவிவிடுவது. இது யோசனையே அன்று, அடாத செயல். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் காலிப்பரின் பாலம் விரிந்து பிளக்கப் பார்க்கிறது. அதன் கனம் அந்த விசையைத் தாங்குவதற்காக நிச்சயிக்கப்பட்டது. சக்கரத்துக்கும் அப்படியே. நம் நாட்டில் கார்ச் சக்கரங்களுக்கு ஐ.எஸ். 9436 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. அதன்படி சக்கரத்தை வளைத்தும், சுமையேற்றி ஓட்டியும், மோதியும் சோதிக்கிறார்கள். அவ்விதம் தேறிய சக்கரத்தை அரத்தால் ராவிவிட்டால், தேறியது வேறு சக்கரம், உங்கள் வண்டியில் சுழல்வது வேறு சக்கரம்.

ஒரு அங்குலம் பெரிய சக்கரமாகப் போட்டுவிடுவது இவற்றைவிட நேர்மையான வழி. 185/65 ஆர் 14 டயருக்குப் பதிலாக 195/55 ஆர் 15 போட்டால், டயருடன் சேர்ந்த முழுக் குறுக்களவு 596.1-லிருந்து 595.5 மில்லிமீட்டர் ஆகிறது. வேகமானி பொய் சொல்லாது. உள்ளே பிரேக்குக்கு இடமும் கிடைக்கிறது. ஆனால் டயரின் பக்கச் சுவர் குட்டையாவதால் பள்ளத்தின் அடி சக்கரத்துக்குச் சீக்கிரம் எட்டும். அதே கார் மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே அந்த அளவைக் கொடுத்திருக்கிறதா என்று கையேட்டிலும், ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டிலும் பார்த்துக்கொள்வது உத்தமம். இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் கூறியிருக்கிறது. தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் நின்றுவிட்டால் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலும் தலைகுனிய வேண்டிய சந்தர்ப்பம் நேராது.

மரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புச் சக்கரத்துக்கு வந்த மரையும் அலாய் வீலுக்கு வேண்டிய மரையும் அடிப்பாகத்தின் வடிவத்தில் வேறுபடலாம். கூம்பு இருக்கைக்குக் கூம்பு மரை, உருண்டை இருக்கைக்கு உருண்டை மரை. புதுச் சக்கரத்துக்காக மரைகளை மாற்றிவிட்டு, பழைய மரைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் பலர். பின்னால் இருக்கும் உபரிச் சக்கரம் இன்னும் இரும்புச் சக்கரம்தானே? ராத்திரி ஒன்பது மணிக்கு முட்டுக்காட்டுப் பாலத்தருகே டயர் வெடித்தால், உபரிச் சக்கரம் இருக்கும், ஜாக்கி இருக்கும், மரை மட்டும் பொருந்தாது. பழைய மரைகளை ஒரு துணியில் முடிந்து உபரிச் சக்கரத்தின் நடுவிலேயே வைத்துவிடுங்கள்.

மரைகளைக் கையேட்டில் கண்ட அளவுக்கு அளவுச் சாவியால் முறுக்க வேண்டும். சிறு கார்களில் பலவற்றுக்கு அது 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரையில் இருக்கும். காற்று யந்திரத்தால் ‘டர்ர்’ என்று முறுக்கிவிட்டுப் போவது நம்பத் தகுந்ததன்று. மாமல்லபுரம் போய்த் திரும்பும் தூரம் ஓட்டிய பிறகு, சக்கரம் ஆறியதும் மறுபடி ஒரு முறை அதே சாவியால் சரிபார்க்க வேண்டும்.

திருவான்மியூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. உப்புக் காற்றில் இரும்புக் குடம் துருவேறுகிறது. அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் ஒன்றையொன்று அரித்துக் கெட்டியாகப் பற்றிக்கொள்கின்றன. துருவின் பொருக்கு ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் சக்கரம் நேராகப் படியாது. ஆகவே சக்கரம் மாட்டுவதற்கு முன் குடத்தின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துவிட்டு, நடு உதட்டில் மட்டும் இலேசாகக் கிரீஸ் தடவ வேண்டும். திருகாணியிலும் பிரேக் தட்டிலும் படக்கூடாது. வருஷத்துக்கு ஒரு முறையாவது சக்கரத்தைக் கழற்றி இதைச் செய்துவிட்டால், அவசரத்துக்குக் கழற்றும்போது சம்மட்டியைத் தேட வேண்டியிராது. அதே சமயம் உள்ளே விரலை விட்டு, ஆரக்காலின் உட்புறத்தில் ஏதாவது புதிய கீறல் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.